நான் எழுதிய ஒன்று புள்ளி ஒன்பது

கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் என் கடைசி மாதம் அது. எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வரப்போகும் பெனசீர், நான் ஒரு தாளில் கோடு போட்டுக் கட்டம் கட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், ப்ராசஸர் என்ன, கார்டு என்ன, டிஸ்க் எத்தனைன்னு இந்த சைட்ல போட்டா எத்தனை வாட்ஸ் பவர் சப்ளை வேணும்னு அதுவே சொல்லிடுது. நீங்க ஏன் இன்னும் கையால எழுதிக் கூட்டறீங்க?"

"பழக்கம்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் கல்யாணமாகிப் போனார்கள். நான் சில வருடங்கள் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சால்டரிங் பார்த்தேன். பிறகு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி ஒன்று திறந்தார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே வேலைக்குப் போனேன். அப்போது திருச்சியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை ஏறக்குறைய பெயர் சொல்லி எண்ணிவிடலாம்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஆரோக்கியசாமி சார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. சட்டைப்பையில் பேனா இருக்காது; எச்.பி. பென்சில் இரண்டு இருக்கும், இரண்டும் எப்போதும் சீவியிருக்கும். தன் வயதில் பாதியே ஆன என்னையும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார்.

எந்த மெஷினும் அவருடைய தாள் இல்லாமல் எங்கள் மாடியை விட்டு இறங்காது. மெஷினுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு. போர்டு, மெமரி, திரைக்கான கார்டு, ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு வரிக்கும் ஐந்து வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியர், பன்னிரண்டு வோல்ட்டில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மட்டும் மூன்று கட்டம் போட்டிருப்பார். அவற்றின் தலைப்புகளைத் தமிழில்தான் எழுதுவார்: தனியாக, எழும்போது, சேர்ந்து.

"மொத்த வாட்ஸைக் கூட்டிட்டு, சப்ளை மேல ஒட்டியிருக்கற வாட்ஸுக்குள்ள அடங்குதுன்னு சந்தோஷப்படாதீங்க" என்று முதல் வாரத்திலேயே சொன்னார். "போர்டு சாப்பிடறது அஞ்சு வோல்ட்டு. மோட்டார் சாப்பிடறது பன்னெண்டு வோல்ட்டு. அஞ்சுல மிச்சம் இருந்தா அதை எடுத்துப் பன்னெண்டுல ஊத்த முடியாது."

ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. ஆனால் நின்றிருக்கும் தட்டைச் சுழல வைக்க, முதல் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். அதை லேபிளைப் பார்த்து எழுதவிட மாட்டார். பன்னிரண்டு வோல்ட் வரும் மஞ்சள் ஒயரின் நடுவில் முள் மீட்டரை நுழைத்து அளப்பதற்காகத் தன் கையாலேயே ஒரு சின்ன ஒயர் செய்து வைத்திருந்தார். அளப்பது காலையில்தான். முதல் நாளிலிருந்து ஓடாமல் குளிர்ந்து கிடக்கும் டிஸ்க்தான் எழுவதற்கு அதிகம் கஷ்டப்படும் என்பார். மூன்று முறை போட்டு, மூன்று முறை நிறுத்தி, மூன்றில் பெரிய எண்ணை எழுதுவார். கடைசிக் கட்டத்துக்கு ஹார்ட் டிஸ்கிலிருந்து ஃப்ளாப்பிக்கு ஒரு கோப்பை நகலெடுக்கவிட்டு, இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது அளப்பார். மூன்று கட்டத்தில் எது பெரியதோ அது, சப்ளையால் கொடுக்க முடிந்ததில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெஷின் போகாது. கையெழுத்திட்டு, தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டுவார். அதன் நகல் ஒன்று கோப்பில் இருக்கும்.

ஒரு வருடம் அவர் பக்கத்தில் நின்று இதைச் செய்தேன். பிறகு நான் அளப்பேன், அவர் கையெழுத்திடுவார் என்றானது.

ஒரு ஐப்பசி மழையில் வேதவல்லி டீச்சர் வந்தார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர், வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் இறந்திருக்கிறாள். அன்றிலிருந்து டீச்சர் ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்களின் பெயர்களைச் சேர்த்துவந்தார். யாருக்கு என்ன வகை, வீடு எங்கே, வேலை எங்கே, கடைசியாகக் கொடுத்தது எப்போது என்று ஆளுக்கு ஒரு அட்டை. எங்கும் எளிதில் கிடைக்காத நெகட்டிவ் வகைகள்தான் அவருக்கு முக்கியம். உறவுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரை அவருக்குக் கொடுத்திருந்தார். இரண்டு ஃப்ளாப்பி மட்டும் உள்ள மெஷின். அதில் ஒன்றை எடுத்துவிட்டு இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க் போட்டுத்தர வேண்டும்.

அந்த வாரம் ஆரோக்கியசாமி சார் மகள் கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் போயிருந்தார். வரப் பத்து நாளாகும். மெஷினைத் திறந்து சப்ளையின் லேபிளைப் பார்த்தேன். அறுபது வாட்ஸுக்குச் சற்றுக் கூட. பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு ஆம்பியர். அவ்வளவுதான். இரண்டு ஃப்ளாப்பிக்காகச் செய்த சப்ளை அது.

டிஸ்க்கைப் பொருத்தி, மறுநாள் காலை சாருடைய ஒயரைப் போட்டு அளந்தேன். தனியாக: சைபர் புள்ளி ஒன்பது. சேர்ந்து: ஒன்று புள்ளி எட்டு. எழும்போது முள் இரண்டைத் தாண்டி இரண்டரைக்குப் பக்கத்தில் போய்த் தயங்கிவிட்டுத் திரும்பியது. மூன்று முறையும் அப்படித்தான். ஆனால் மூன்று முறையும் மெஷின் எழுந்தது. திரையில் எழுத்து வந்தது.

சாருடைய கணக்குப்படி இந்த மெஷின் போகவே கூடாது. நூற்றைம்பது வாட்ஸ் சப்ளை மெட்ராஸிலிருந்து வர மூன்று வாரமாகும். டீச்சர் அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னும் நாளாகுமா? நேத்திக்குக்கூட ஒருத்தர் பி நெகட்டிவ் கேட்டுண்டு வந்தார். அட்டையைத் தேடறதுக்குள்ள அரைமணி ஆயிடுத்து. சட்டுனு முடிச்சுக் குடுங்கோளேன்."

அவர் கேட்டதனால் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. சார் இல்லாதபோது ஒரு மெஷினை முழுக்க நானே முடித்து அனுப்பினேன் என்று அவரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். பன்னிரண்டு விநாடிதானே என்று நினைத்தேன். தாளில் 'எழும்போது' என்ற கட்டத்தில் ஒன்று புள்ளி ஒன்பது என்று எழுதினேன். ஒன்று புள்ளி ஒன்பதுகூட முக்கால் பங்குக்கு மேல்தான். ஆனால் இரண்டுக்குள் இருந்தால் சார் விட்டுக்கொடுப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். தாளை மூடிக்குள் ஒட்டி, நகலைக் கோப்பில் வைத்துவிட்டு, மறுநாளே மெஷினை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினேன்.

சார் திரும்பி வந்ததும் கோப்பைப் புரட்டினார். அந்தத் தாளில் நின்றார்.

"இது ஓரத்துல நிக்குதே, வசந்தா."

"சப்ளைக்கு எழுதிப்போட்டிருக்கேன் சார். வந்ததும் மாத்திடலாம்."

"எழும்போது அளந்தீங்களா?"

"அளந்தேன் சார்."

"காலையில?"

"காலையிலதான் சார். மூணு தடவை."

கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். எண் என்ன என்று அவர் கேட்கவில்லை. தாளில்தான் இருந்ததே. பென்சிலை எடுத்துக் கையெழுத்திட்டார்.

மெட்ராஸிலிருந்து சப்ளை வந்தது. வேறொரு அவசரத்துக்கு அதைப் போட்டுவிட்டார்கள். நானும் அடுத்ததற்கு எழுதிப்போடவில்லை. டீச்சர் வீட்டிலிருந்து ஒரு புகாரும் வரவில்லையே.

டீச்சர் இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் மெஷினில் ஏற்றினார். போகிக்கு வீட்டை ஒழித்தபோது அட்டைகளைக் கட்டுக் கட்டாக எரித்துவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடாமல் ஃப்ளாப்பியில் நகல் எடுத்தார். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒரே ஃப்ளாப்பிக் கட்டில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவந்தார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை அவர் போன் செய்தார். முதல் நாள் நகல் எடுக்கும்போது மெஷின் பாதியில் அணைந்து தானாக மறுபடி எழுந்ததாம். அப்போதிலிருந்து பட்டியலைக் கேட்டால் கோப்பு இல்லை என்கிறதாம். திங்கட்கிழமை காலை போனேன். மூடியைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைப் படிக்கப் பார்த்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பகுதியே குப்பையாகிக் கிடந்தது. ஃப்ளாப்பியைப் போட்டேன். அதில் பாதிவரை புதியது எழுதப்பட்டு, பழையது அழிந்து, எதுவுமே திறக்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. துறையூர்ப் பக்கத்து விவசாயி, பெயர் செல்வராசு.

"டீச்சரம்மா வீடு இதுதானுங்களா? என் சம்சாரத்துக்கு விடியக்காலைல பொம்பளப் புள்ள பொறந்துச்சுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஓ நெகட்டிவ்னு எழுதிக் குடுத்தாங்க. எங்கயும் இல்லைங்கறாங்க. உங்ககிட்ட லிஸ்ட் இருக்காமே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இருங்கோ, இருங்கோ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். "ஓ நெகட்டிவ்... ஒன்பது பேர் இருந்தா. உறையூர்ல ஒரு பிள்ளையாண்டான், சேவியர். தெருப் பேர் என்ன... கன்டோன்மென்ட்ல பேங்க்ல ஒருத்தர். பாலக்கரையில ஒரு பாய், மரக்கடை வச்சிருக்கார்."

ஒன்பதில் மூன்றுதான் அவர் நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு முகவரிகூட முழுசாக இல்லை. செல்வராசுவும் டீச்சரும் ஒரு ஆட்டோவில் பாலக்கரைக்குப் போனார்கள். நான் இன்னொன்றில் உறையூருக்குப் போனேன். சேவியர் என்ற பெயரோடு மாதா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகக் கேட்டேன். நான்கு சேவியர்களைப் பார்த்தேன். ஐந்தாமவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் அம்மாவிடம் கேட்டு, அவர் வேலை செய்யும் அச்சகத்துக்குப் போய் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். முழுதாகக் கேட்பதற்கு முன்பே அவர் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. டீச்சர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மரக்கடை பாய் ஊரில் இல்லையாம். பேங்க்காரர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

சேவியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எங்கங்க போகணும்?" என்று கேட்டார். டீச்சர் அவரைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். செல்வராசுவின் மனைவி மலர்க்கொடி மூன்றரை மணிக்கு இறந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆரோக்கியசாமி சார் என்னோடு ஸ்ரீரங்கம் வந்தார். மெஷின் நான் விட்டுவிட்டுப் போன நிலையிலேயே மேசைமேல் திறந்து கிடந்தது. ஒயரைப் போட்டு, மீட்டரை வைத்து, ஸ்விட்ச்சைத் தட்டினார். முள் ஏறியது. இரண்டு புள்ளி நான்கு. முதல் நாள் எனக்கு எழுந்த மெஷின் இப்போது எழவில்லை. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். அதே இடம். மூடியைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"முள் எங்க போச்சுன்னு அன்னிக்குப் பார்த்தீங்களா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"பார்த்தேன் சார்."

"எங்க போச்சு?"

"இங்கதான் சார். ரெண்டரை கிட்ட."

பென்சிலை எடுத்தார். ஒன்று புள்ளி ஒன்பதை அழிக்கவில்லை. அதன் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் இரண்டு புள்ளி நான்கு என்று எழுதினார். உள்ளே போய் டீச்சரிடம் சொன்னார்.

"டீச்சர், இந்த மெஷினுக்கு இந்த சப்ளை பத்தாதுங்க. ஆறு மாசமா தினமும் எழுப்பும்போது அளவுக்கு மேல இழுத்து, சப்ளை சோர்ந்து போயிருக்கு. வெயில் காலம், கரண்டும் லோ வோல்டேஜ். நகல் எடுக்கறப்ப ரெண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடவும் தாங்கலை. எழுதிட்டிருக்கும்போதே விழுந்துடுச்சு. தாள்ல கையெழுத்து போட்டது நான். தப்பு எங்களோடது."

டீச்சர், "நகல் எடுத்ததனாலயா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சார் சொன்னார்: "நான் அங்க பொய் சொல்லலை. கையெழுத்து என்னோடதுதான். மீதி உங்களோடது. அதை நீங்கதான் சொல்லணும். எப்பன்னு நான் கேட்க மாட்டேன்."

கேட்கவும் இல்லை. முன்போலவே 'நீங்க' என்றுதான் பேசினார். ஆனால் அதன்பிறகு நான் அளந்த ஒவ்வொரு மெஷினையும் அவரே இன்னொரு முறை அளந்தார். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் மகளோடு போய் இருந்துகொண்டார்.

டீச்சர் மறுபடி அட்டைகளை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரோடு அலைந்தேன். கல்லூரி விடுதிகள், சர்ச் வாசல்கள், பள்ளிவாசல் தெரு, ரயில்வே குடியிருப்பு. பழைய பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தோம். "லீவு நாள்ல உனக்கு ஏன்டிம்மா இந்தச் சிரமம்?" என்று டீச்சர் கேட்பார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். இரண்டு வருடம் இப்படிப் போனது.

ஆரோக்கியசாமி சார் இறந்துவிட்டதாக அவர் மகள் ஒரு கார்டு போட்டிருந்தார். அது வந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் சொன்னேன். முள் எங்கே போனது, நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் எல்லாவற்றையும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மனுஷர் போனப்புறம்தான் சொல்லணும்னு தோணித்தா?"

"ஆமா டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை வந்ததெல்லாம் இதுக்காகவா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். ரத்தம் கேட்டு வருபவர்களின் விவரத்தை அதில் எழுதிவைப்பார். ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"எனக்குப் போனது பேரும் விலாசமும். அதைத் திரும்ப எழுதிண்டாச்சு. நீ சொல்ல வேண்டிய இடம் இது இல்லை."

செல்வராசுவின் ஊர் அதில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறையூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி. செல்வராசு களத்தில் சின்ன வெங்காயத்தைக் காயப்போட்டு, அதன் காய்ந்த தாள்களை அரிவாளால் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வெங்காயத்தை ஒரு சொம்புக்குள் போடுவதும் கொட்டுவதுமாக இருந்தது. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு டீச்சரம்மா வீட்ல பொட்டியப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்களே. எங்களுக்காக உறையூர் பூரா அலைஞ்சீங்களாமே. உக்காருங்க, மோர் கொண்டாரச் சொல்றேன்."

மோர் வேண்டாம் என்றேன். ஆம்பியர் எல்லாம் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று அளந்தது நான், அளந்ததை மாற்றி எழுதினேன், அதனால்தான் பட்டியல் அழிந்தது என்றேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அந்த லிஸ்ட் இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளாங்க?"

"தெரியலைங்க. பன்னெண்டு மணிக்கெல்லாம் சேவியரைக் கூட்டிட்டு வந்திருக்க முடியும். அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னுதான் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தினி நாளா தலையெழுத்துன்னு சொல்லிட்டு இருந்தேங்க. இது பெருசாகி, அம்மா எங்கன்னு கேட்டா அதையேதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "இனிமே என்னன்னுங்க சொல்றது?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு ரோடுவரை நடந்து வந்தார். புளியமரத்தடியில் மூவரும் நின்றோம். அவர் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. பஸ் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். நான் ஏறியதும் குழந்தையின் முகத்தில் தூசி படாமல் துண்டால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.